குறையே இல்லாத ஊர்

நர்ஸம்மா தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஓர் அதிகாரியின் எரிச்சல்தான். மலைக்குப் பின்னால் இருக்கும் தன் ஊரின் சுகாதார நிலையத்தை மூடக் கூடாது என்று மனுவைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஏழாவது ஆபீஸில் இருந்தவர், "இதெல்லாம் கொள்கை முடிவும்மா. வேணும்னா சட்டசபையில போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனார். நர்ஸம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றின் ஓட்டை ஒன்று பிரித்துக்கொண்ட அந்தத் தொகுதியில், ஊர் பேர் தெரியாத ஒரு சின்னக் கட்சியின் சார்பில் நின்று நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும்விட்டார். முப்பத்தொரு வருஷம் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர். தொகுதியில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு மாதமாக ஒரு நோயாளிகூட வராத சுகாதார நிலையங்களை மூடிவிடுவது என்று அரசு முடிவெடுத்திருந்தது. நோயாளி வந்தாரா இல்லையா என்பதை இணையப் பதிவேடு சொல்லும். ஊரில் இணையம் கிடையாது. ஆகவே பதிவேட்டின் கண்ணுக்கு அந்த ஊரில் ஒரு வருஷமாக யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. நர்ஸம்மா ஓய்வு பெற்றபின் வேலைக்கு வந்த சின்ன நர்ஸ், வருகிறவர்களை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். நர்ஸம்மா தலைநகரத்துக்குக் கிளம்பிய அன்று அந்த நோட்டைப் பையில் வைத்துக் கொடுத்து, "எப்படியாவது இதைக் காட்டிருங்கம்மா. அடுத்த மாசக் கடைசியில பூட்டுறாங்களாம்" என்றாள்.

அவருடைய கட்சியில் ஜெயித்தது அவர் ஒருவர்தான். அது அவருக்குத் தெரிந்த விஷயம். அதனால் என்னென்ன வேலை வந்து சேரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. சபை விதிப்படி ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், ஒரு கொறடா இருந்தாக வேண்டும். நர்ஸம்மா மூன்று பதவிக்கும் தன்னையே நியமித்து மூன்று கடிதம் எழுதினார். கொறடா என்ற முறையில், தவறாமல் சபைக்கு வரும்படி உறுப்பினருக்கு உத்தரவு போட்டு, உறுப்பினர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார். ஒரு நாள் இந்தக் கையெழுத்து விட்டுப்போயிற்று. உங்கள் கட்சி உறுப்பினர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கொறடாவுக்குச் செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. நேரில் அழைத்துக் கண்டித்தேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பதிலில் செயலகம் மிகவும் திருப்தி அடைந்தது.

சாப்பாட்டுக் கூடத்திலும் கட்சிக்கொரு இடம். அவருடைய கட்சிக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் ஒதுக்கியிருந்தார்கள். வேறு கட்சிக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் கட்சி தாவியதாகக் கருதப்படும் என்பதால் யாரும் உட்காரவில்லை. நர்ஸம்மா ஒன்றரை மாதம் மூன்று காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் இருந்தவரை சாப்பிடும்போது பேசாதே என்று புருஷனை அடக்கி வைத்திருந்தவர் அவர். இப்போது தட்டில் கரண்டி படும் சத்தம்கூட அவருக்குப் பெரிதாகக் கேட்டது.

புருஷன் ஓய்வுபெற்ற டிராக்டர் மெக்கானிக். ஊரில் போன் எடுக்காது. பொதுத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பதினாறு படி ஏறி, தொட்டியின் கிழக்கு ஓரத்தில் நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அங்கே ஏறுவார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

"அதெல்லாம் போட்டாச்சு. கேள்வி கேட்டியா?"

"நாளைக்குங்க. நீங்க பாத்து இறங்குங்க, அந்த ஏணி..."

அவ்வளவுதான். அதற்குள் சிக்னல் போய்விடும், சொல்ல வந்த மிச்சத்தை நர்ஸம்மா தன் காதுக்கு மட்டும் சொல்லிக்கொள்வார். நாள் முழுக்க அவரிடம் பேசுகிற ஒரே ஆள் இந்த மனிதர்தான், அதுவும் அரை நிமிஷம்.

கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். "எங்கள் ஊருக்கு இணைய இணைப்பு எப்போது வரும், ஏன் இன்னும் வரவில்லை?" என்று நர்ஸம்மா எழுதிக் கொடுத்தார். கேள்விப் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"ஏன்னு கேக்கக் கூடாதும்மா. அது குற்றச்சாட்டு ஆயிடும். குற்றச்சாட்டுக்கு வேற படிவம்."

"சரி, அதை எடுத்துடுங்க."

"எப்போன்னும் கேக்க முடியாது. அரசாங்கத்தை அவசரப்படுத்துற மாதிரி இருக்கும். இன்னும் வரலைன்னு சொல்றீங்க, அது கேள்வியே இல்ல, தகவல். தகவல் சொல்றது மந்திரியோட வேலை."

"அப்ப நான் என்னதான் சார் கேக்கிறது?"

"நான் சரி பண்ணித் தர்றேன்" என்று அவர் உண்மையான அக்கறையோடு சொன்னார். மறுநாள் சபையில் அச்சிட்டுக் கொடுத்த தாளில் நர்ஸம்மாவின் கேள்வி இப்படி இருந்தது: உறுப்பினரின் ஊருக்கு இணைய இணைப்பு வந்திருப்பதை அரசு அறியுமா?

இணைப்புத் துறை மந்திரி எழுந்து, "அறியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆளுங்கட்சி மேசைகள் தட்டப்பட்டன.

துணைக் கேள்விக்கு ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற நேரம். நர்ஸம்மாவின் பலத்துக்கு நாற்பத்தெட்டு விநாடி. அதில் சபாநாயகரை மரியாதையாக விளிப்பதில் பதினைந்து விநாடி போயிற்று. மிச்சத்தில், இணையக் கம்பி மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்றும், நோயாளிகளைப் பதிய வழியில்லை என்றும், நோட்டுப் புத்தகம் கையில் இருக்கிறது என்றும் மூச்சு விடாமல் சொன்னார். நோட்டைத் தூக்கிக் காட்டும்போது மைக் அணைந்தது. காகிதங்களைச் சபையில் காட்டுவது முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று சபாநாயகர் நினைவுபடுத்தினார். அதை ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தார்.

மந்திரிக்கு நேரக் கணக்கு கிடையாது. அவர் சாவகாசமாகப் பேசினார்.

"சென்ற ஆண்டு நம் புகார் இணையதளத்துக்கு ஒன்பது லட்சம் புகார்கள் வந்தன. இந்த ஒன்பது லட்சமும் எங்கிருந்து வந்தன என்று நான் ஆராய்ந்தேன். அத்தனையும் நாம் இணைப்புக் கொடுத்த ஊர்களிலிருந்து வந்தவை. மெதுவாக இருக்கிறது, நின்று நின்று வருகிறது என்று நம் உயிரை எடுக்கிறார்கள். ஆனால் உறுப்பினரின் ஊர் போன்ற ஊர்களைப் பாருங்கள். ஆறு வருஷத்தில் ஒரு புகார் வந்ததா? ஒன்று? இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம், வாய் திறக்கவில்லை. எவ்வளவு பண்பான மக்கள். அவர்களுக்கு இணைப்பைக் கொடுத்து அந்தப் பண்பைக் கெடுக்க வேண்டுமா என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்."

"இணைப்பே இல்லாதவங்க எப்படிங்க இணையத்துல புகார் கொடுப்பாங்க?" என்று நர்ஸம்மா அணைந்த மைக்கில் கேட்டார். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவருக்காவது கேட்டிருக்கும்.

ஆனாலும் எழுத்தரிடம் போய் விசாரித்தார். புகார் அந்த ஊருக்குள்ளிருந்தே வர வேண்டும், இருப்பிடத்தைக் கணினி பார்த்துவிடும், வெளியூரிலிருந்து கொடுத்தால் பொய்ப் புகார் ஆகிவிடும் என்றார் எழுத்தர். நோயாளிப் பதிவுக்கும் அதே விதிதான். "ஊர்ல சிக்னல் வந்த உடனே, சிக்னல் இல்லைன்னு ஒரு புகார் போட்டுருங்கம்மா. உடனே எடுத்துப்பாங்க" என்று யோசனையும் சொன்னார். கேலி செய்கிறாரோ என்று நர்ஸம்மா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கேலி எதுவும் இல்லை.

மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது அவருடைய ஊருக்கு விருது அறிவித்தார்கள். ஆறு வருஷமாக ஒரு புகாரும் வராத காரணத்தால் 'குறையே இல்லாத ஊர்' என்ற விருது. விழா தலைநகரத்தில், சபைக் கட்டடத்து மண்டபத்திலேயே. மந்திரி விழா மேடையிலிருந்து ஊர் மக்களோடு திரை வழியாக நேரடியாகப் பேசுவார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஒளிபரப்பு அதிகாரி நர்ஸம்மாவின் மேசையைத் தேடி வந்து, உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"உங்க ஊருக்கு ஒரு குழுவை அனுப்பினோம்மா. அங்கேர்ந்து ஒளிபரப்ப முடியலை. சுத்தமா சிக்னல் இல்ல."

நர்ஸம்மா சந்தோஷத்தில் தட்டைத் தள்ளி வைத்தார். "அதைத்தாங்க நான் ஒன்றரை மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"அதனால ஊரை இங்கயே கொண்டு வந்துட்டோம்" என்றார் அதிகாரி. "ஒன்பதாம் நம்பர் அறை. வந்து பாருங்க, அச்சு அசலா இருக்கும்."

விழா மண்டபத்துக்கு அடுத்த அறைதான் ஒன்பதாம் நம்பர். ஒரு சுவர் முழுக்கத் துணியில் மலை வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கு முன்னால் சுகாதார நிலையம். கட்டில், எடை பார்க்கும் கருவி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ரத்த அழுத்தக் கருவி, புத்தம்புதுக் கணினி. தட்டச்சுப் பிரிவிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து சட்டையைக் கசக்கிப் போட்டு ஊர்க்காரர்களாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷ வேலையில் நர்ஸம்மா இவ்வளவு வசதியான நிலையத்தைப் பார்த்ததில்லை.

"கணினி இது எங்க ஊருன்னு எப்படிங்க நம்பும்?"

"அதை ஏமாத்தக் கூடாதும்மா, தப்பு" என்று அதிகாரி கண்டிப்போடு சொன்னார். "முறைப்படி உத்தரவு வாங்கி, இந்த அறைதான் உங்க ஊருன்னு பதிவு பண்ணிட்டோம். ஒரு குறைதான். நிஜமான ஊர்க்காரர் ஒருத்தராவது இருக்கணும்னு விதி. இந்தக் கட்டடத்துல உங்களை விட்டா வேற ஆள் இல்ல."

விழா அன்று அந்த அறையில் மறுபடி கால் வைக்கக் கூடாது என்றுதான் நர்ஸம்மா நினைத்தார். மந்திரியிடம் நேருக்கு நேர் பேசக் கிடைக்கும் இன்னொரு சந்தர்ப்பம் இது என்பதால்தான் ஒப்புக்கொண்டு போய் உட்கார்ந்தார். மந்திரியின் குரல் முதலில் சுவர் வழியாகவும் பிறகு திரை வழியாகவும் வந்தது.

"அம்மா, உங்க ஊர்ல இணைப்பு எப்படி இருக்கு?"

"இங்க நல்லா இருக்குங்க. எங்க ஊர்லதான் இல்ல."

"கேட்டீங்களா? நல்லா இருக்காம்" என்றார் மந்திரி சபையோரைப் பார்த்து. கைதட்டலும் முதலில் சுவர் வழியாகவும் பிறகு திரை வழியாகவும் கேட்டது. ஒரு கேடயம் வந்தது. தட்டச்சர்கள் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு தங்கள் பிரிவுக்குப் போனார்கள்.

நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். கணினியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. திரையில் நோயாளிப் பதிவேடு திறந்திருந்தது. மேலே இருப்பிடம் என்ற இடத்தில் அவருடைய ஊரின் பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதையே வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார்.

மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. ஆனால் நோட்டில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேரும் வந்தவர்கள்தான், வலித்ததும் நிஜம்தான். பொய் என்று பார்த்தால் இந்த இடம் ஒன்றுதான் பொய், அதை அவர் சொல்லவில்லை. இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். செங்கல் சூளைக்காரிக்குக் கால் வீக்கம். பஸ் டிரைவருக்குச் சர்க்கரை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு வெளியில் சொல்ல முடியாத இடத்தில் கட்டி. எண்பத்தேழாவது வரிசையில் அவர் புருஷன், ரத்த அழுத்தம், மாதம் இரண்டு தடவை. ஒவ்வொரு பெயரைத் தட்டும்போதும் அந்த ஆள் எதிரே வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டுவது போல இருந்தது. தலைநகரத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் தனியாக இல்லாமல் இருந்தது அன்றைக்கு ஒரு மத்தியானம்தான். வெளிச்சம் மங்கும்போது கடைசிப் பெயரையும் போட்டு முடித்தார்.

இரண்டே நாளில் மூடும் உத்தரவு ரத்தானது. கேள்விப் பிரிவு எழுத்தரே தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் புருஷனிடம் சொல்லத் துடியாய்த் துடித்துக்கொண்டு போனைக் கையில் வைத்திருந்தார். ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை, ஏழுக்கும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காற்று பலமாக அடித்தால் அந்த ஒரு கோடும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நிலையம் பிழைத்துவிட்டது, சின்ன நர்ஸ் இருக்கிறாள், வேறென்ன வேண்டும். மூன்று நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஒன்பதாம் நம்பர் அறை வாசலில் மருந்துப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பெட்டிகளுக்கு நடுவில் கையில் ஒரு பையோடு சின்ன நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா இங்க?"

"மாத்திட்டாங்கம்மா. நோயாளிங்க பதிவாகிற இடத்துலதான் வேலை பாக்கணுமாம்." அவள் உத்தரவை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

சுகாதார இயக்குநர் உள்ளே நின்று கட்டில் போட இடம் அளந்துகொண்டிருந்தார். நர்ஸம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா. உங்க ஊரு நிலையத்தை மூடறதாவது. ஒரே மத்தியானத்துல இருநூற்றுப் பதினாலு நோயாளி. மாநிலத்துலயே எங்கயும் இந்தக் கூட்டம் இல்ல. இன்னும் ரெண்டு நர்ஸ் போடச் சொல்லியிருக்கேன்."

"சார், ஊரு அங்க இருக்கு."

"அங்கயும் ஒரு கட்டடம் இருந்தது. பாத்தோம். அந்த விலாசத்துல ஒரு வருஷமா ஒரு பதிவுகூட இல்ல. பூட்டிட்டோம். ஒரே ஊருக்கு ரெண்டு நிலையம் எதுக்கு?"

"அங்க ஜனங்க இருக்காங்க சார்."

"எந்த ஜனங்க? எல்லாரும் இங்கதானேம்மா பதிஞ்சிருக்காங்க." அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

நர்ஸம்மா ஒரு மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக அரசாங்கத்தால் செய்ய முடியாததை அவர் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்திருந்தார். ஊருக்கு இருந்த ஒரே நர்ஸைத் தன் இரண்டு விரலால் தட்டித் தட்டி இங்கே வரவழைத்தவர் அவர்தான். அவமானமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இயக்குநர் எதிரில் அழக் கூடாது என்று துணியில் வரைந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவை மாற்ற என்ன வழி என்று எழுத்தரிடம் கேட்டார். ஓர் ஊரை இடம் மாற்றுவதற்கு அடுத்த கூட்டத்தொடரில் தீர்மானம் கொண்டு வரலாம், ஆறு மாதத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்றார் எழுத்தர். நர்ஸம்மா தலையாட்டிவிட்டுத் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார். சபை நடந்துகொண்டிருந்தது. அவர் போவதை யாரும் கவனிக்கவில்லை.

நடு ராத்திரிக்கு மேல்தான் பஸ், ஒன்பது மணி நேரப் பயணம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஊரில் இறங்கியபோது நிலையத்தின் கதவில் அரசாங்க முத்திரையோடு பூட்டுத் தொங்கியது. படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால் வீக்கத்தோடு செங்கல் சூளைக்காரி ஓரமாகக் காலை நீட்டியிருந்தாள். பூட்டைப் பார்த்த பிறகும் வேறு எங்கே போவதென்று தெரியாமல் அவர்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படியில், தூணைப் பிடித்துக்கொண்டு அவர் புருஷன்.

"இன்னைக்கு லீவா?" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, மூணு நாளா போனே வரல?"

"ஏணியில ஏறினா தலை சுத்துது. நாலாவது படிக்கு மேல முடியல. இந்தப் பொண்ணு கிளம்புற அன்னைக்கு அவகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். மெஷினையெல்லாம் பெட்டியில கட்டிட்டா. பாவம், அழுதுட்டிருந்தா, எதுக்குன்னு விட்டுட்டேன்." சற்று நிறுத்தி, "நீயாவது ஏன்னு விசாரிப்பேன்னு நினைச்சேன்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது.

நர்ஸம்மா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக, "போன் வரலைங்கவும், நீங்க நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுட்டேங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கருவியெல்லாம் ஒன்பதாம் நம்பர் அறையில் இருந்தது. அவர் புருஷனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் விரலை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.